சிக்னல் கிடைக்காத இடம்

ஏப்ரல் 27, ஞாயிறு
சேன் பியேர்

காலையில் எதிர்க்காற்று. எத்தான் சலே வரை போய்த் திரும்பினேன். 31 கி.மீ. முழங்கால் பரவாயில்லை.

பத்து மணிக்குப் புதுச்சேரிக்குப் பேசினேன். பக்தாவின் அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டு பிரித்துவிட்டார்கள். நான் ஞாயிறு தவறாமல் கூப்பிடுவதை அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். "பெத்த புள்ளைங்க கூட இப்பிடி விசாரிக்கிறதில்ல சவரி" என்றார். நான் பேச்சை மாற்றி, சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறாரா என்று கேட்டேன்.

பக்தவச்சலமும் நானும் முத்தியால்பேட்டையில் ஒரே தெரு. என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அதனால் எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இந்தப் பிரெஞ்சுத் தீவு, இங்கே சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீசியன் வேலை. அவன் ஊரிலேயே இருந்தான். லீவுக்கு என்னிடம் வந்த இடத்தில், என்னோடு சைக்கிள் ஓட்டப் போன நாளில், கிரான் ப்ருலேயில், எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் லாவாக் காட்டுச் சாலையில் விழுந்து இறந்தான். பத்தொன்பது மாதம் ஆகிறது.

அவன் மனைவி வேதவல்லிக்கும் ஞாயிறுதோறும் பேசுவேன். அவள் வெள்ளிக்கிழமை வருகிறாள். தீவைச் சைக்கிளில் சுற்றி அந்த இடத்துக்குப் போக வேண்டுமாம். "எட்டு மாசமா ஈசிஆர்ல ஓட்டிப் பழகறேண்ணா. மரக்காணம் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.


ஏப்ரல் 30, புதன்

வேதாவுக்கு வாடகைச் சைக்கிள் பார்த்தேன். கடைக்காரன் உயரம் கேட்டான். அவளுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டு, 158 செ.மீ. என்று சொன்னேன். ஐந்து நாள் திட்டம்: மேற்குக் கரை வழியாக வடக்கே ஏறி, கிழக்கே இறங்கி, கடைசியில் லாவாச் சாலை. எதிர்த்திசையில் போனால் முதல் நாளே அந்த இடம் வந்துவிடும். இப்படிப் போனால் அவளுக்குக் கால் பழகும்.

ஒன்றரை வருடமாக நான் அந்தச் சாலையில் ஓட்டவில்லை. ஆலையில் வேலை அதிகம்.


மே 2, வெள்ளி

விமானம் நாற்பது நிமிடம் தாமதம். வேதா இளைத்திருக்கிறாள். கையில் ஒரு சின்னப் பை, தலையில் ஹெல்மெட். பெட்டிக்குள் வைத்தால் நசுங்கும் என்று சென்னையிலிருந்து தலையிலேயே மாட்டி வந்தாளாம். மொரீஷியஸில் விமானம் மாறும்போது எல்லோரும் பார்த்தார்களாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

வரும் வழியில் போன் அடித்தது. ஆலை போர்மன். முதல் மணியிலேயே எடுத்தேன். "கார் ஓட்டிக்கிட்டே எடுக்கறீங்களே அண்ணா" என்றாள். இப்போதெல்லாம் எந்த அழைப்பையும் நான் விடுவதில்லை.

அவளுக்கு என் அறையைக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டேன். என் மனைவி எலேன் பிரிந்துபோன இந்த ஆறு வருடத்தில் பக்தாவுக்குப் பிறகு இந்த வீட்டில் தங்கும் ஆள் இவள்தான். ஊரில் யாராவது ஏதாவது பேசுவார்களோ என்று கேட்டேன். "பேசாத ஊரா அது. விடுங்க" என்றாள்.


மே 3, சனி

காலையில் கராஜைத் திறக்கச் சொன்னாள். பக்தாவின் சைக்கிளைப் பார்க்க வேண்டும்.

போலீஸ் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அது ஒரு பழைய போர்வைக்கு அடியில்தான் கிடக்கிறது. முன்சக்கரம் வளைந்து பிரேமில் முட்டி நிற்கிறது. வேதா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த நாடாவில் காய்ந்த மண் இருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"அன்னிக்கி நடந்தத முதல்லேந்து சொல்லுங்க. போன்ல அழுதுகிட்டே சொன்னீங்க. எனக்குப் பாதி புரியல."

சொன்னேன். முந்தின நாள் கிளம்பி சேன்த் ரோஸில் இரவு தங்கினோம். மறுநாள் காலை திரும்பும் வழியில் லாவாக் காட்டுக்குள் இறங்கினோம். லேசான தூறல். நான் முன்னால், அவன் பின்னால். அவன் படம் எடுக்க அடிக்கடி நின்றான். நான் மேட்டில் ஏறி அவனுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் போனால் ஆம்புலன்ஸ் நின்றது. படம் எடுக்க வந்த வேறு யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சாலையோரத்தில் லாவா பள்ளமாக இருக்கிறது. புதரும் உண்டு. விழுந்தவன் சாலையில் போகிறவர் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவன் போன் தண்ணீரில் கிடந்து செத்துவிட்டது.

"உங்களுக்கு அவரு போன் பண்ணலியா?"

நான் காத்திருந்த மேட்டில் சிக்னல் கிடைக்காது என்றேன்.

மதியம் சோறும் ஒரு மீன் குழம்பும் வைத்தாள். டயர்களுக்குக் காற்று அடித்தேன். ட்யூப் நான்கு, பம்ப், டயர் கழற்ற நெம்பி இரண்டு, மழைக்கோட்டு.


மே 4, ஞாயிறு
சேன் ழில். 52 கி.மீ.

நன்றாக ஓட்டுகிறாள். அலட்டல் இல்லை, வேகமும் இல்லை, நிற்பதும் இல்லை. சேன் லூ வருவதற்கு முன் கருப்புப் பாறையில் ஒரு துளை வழியாகக் கடல் பீறிட்டு எழும் இடம் உண்டு. அங்கே மட்டும் நிறுத்தச் சொன்னாள். அலை அடியில் புகும்போது முதலில் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம், பிறகு ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர். அவள் முகமெல்லாம் நனைந்தது.

"இத அவரு எனக்கு வீடியோ எடுத்து அனுப்பினாரு. சத்தம் இவ்ளோ இருக்கும்னு தெரியல."

பத்து மணிக்கு ஒரு பக்கமாகப் போய்ப் புதுச்சேரிக்குப் பேசினேன். திரும்பி வந்தபோது கேட்டாள்: "அத்தையா?"

"ஆமா."

"என்னப் பத்திக் கேட்டாங்களா?"

கேட்டார்கள் என்றேன். அம்மா கேட்கவில்லை. வேதா இங்கே வந்திருப்பது தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடியே சொன்னாள், மாமியார் லாஸ்பேட்டையில் சின்ன மகன் வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது என்று. மகள் கோதையை மட்டும் கூப்பிட்டுப் பேசுவாராம். பேத்திக்குப் பதினாறு வயது முடிந்த அன்றைக்குக்கூட வாசலோடு வந்துவிட்டுப் போனாராம். "நான் குடுத்த தண்ணியக் கூட வாங்கலண்ணா."

காரணம் நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.


மே 5, திங்கள்
சேன் தெனி. 47 கி.மீ., ஏற்றம் பலமாக.

கடலோர நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மலைச்சாலையில் ஏறினோம். வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கடல் இன்னும் கொஞ்சம் கீழே போனது. மேலே போய் நின்று திரும்பினால் அவள் இல்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் முகம் சிவந்து, மூச்சு வாங்கி வந்து சேர்ந்தாள்.

"நீங்க திரும்பியே பாக்கறதில்லண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

இறக்கத்தில் அவளை முன்னால் விட்டேன்.


மே 6, செவ்வாய்
சேன் பெனுவா. 44 கி.மீ.

கரும்பு. இரண்டு பக்கமும் கரும்பு. கிழக்குப் பக்கம் வந்ததுமே மேகம் மூடிக்கொண்டது.

தங்கிய வீட்டுக்காரி மதாம் மூட்டுசாமி. எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த ஒரு முத்துசாமியைப் பிரெஞ்சு எழுத்தர் மூட்டுசாமி ஆக்கிவிட்டார். அந்த அம்மாளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் வாசலில் ஒரு மாரியம்மன். தட்டு நிறைய பொம்போன் பிமான் வைத்தாள். நம் மசால் வடைதான். வேதா நான்கு சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். இந்தப் பொழுது இப்படியே போய்விடும் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரி உள்ளே போனதும் வேதா தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒரு படம். அழைப்புப் பட்டியலைப் படமெடுத்து வைத்திருக்கிறாள். தவறிய அழைப்பு, பகல் 12.34, அவன் பெயர்.

"இங்க பதினொண்ணு நாலு" என்றாள். "கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

நான் போனை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஸ்கூல் ஆபீஸ்ல இருந்தேன். ஹெச்செம் பேசிக்கிட்டு இருந்தாங்க. போன் அடிச்சுது. திரும்பவும் அலையக் காட்டப் போறாருன்னு நெனச்சு கட் பண்ணிட்டேன். அப்புறம் பேசறேன்னு மெசேஜ் போட்டேன். அது அவருக்குப் போய்ச் சேரவே இல்ல, இன்னும் ஒத்த டிக்கோடதான் நிக்குது."

பிறகு சொன்னாள்: "எங்க ஸ்கூல்ல ஆறு பேருக்கு பிரெஞ்சு தெரியும்ணா. நான் எடுத்திருந்தா ஒருத்தரு இல்லன்னா ஒருத்தரு இங்க போலீசுக்குப் பேசியிருப்பாங்க. அரை மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரில்ல? அதத்தான் அத்தை சொல்றாங்க. என் புள்ள கடைசியா உன்னத்தான் கூப்பிட்டான், நீ கட் பண்ணிட்டேன்னு. அவங்க சொல்றதுல தப்பு என்னண்ணா இருக்கு?"

டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னவன் நான்தான். அழுகிற தாயிடம் எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

"உன் மேல தப்பு இல்ல வேதா" என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க" என்று போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இரண்டு சங்கிலிகளையும் துடைத்தேன். வேதாவுடைய பின்பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது. சேன்த் ரோஸில் மாற்ற வேண்டும்.


மே 7, புதன்
சேன்த் ரோஸ். 21 கி.மீ.

மழை. பேசவில்லை. பிரேக் கட்டை மாற்றினேன்.


மே 8, வியாழன்
ல திராம்ப்ளே. 19 கி.மீ.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். இன்று இங்கே விடுமுறை, சாலையில் வண்டி குறைவு. காட்டை விட்டு இறங்கியதும் கிரான் ப்ருலே. எரிமலையிலிருந்து கடல் வரை கருப்பு. ஒவ்வொரு லாவா ஓட்டத்துக்கும் அது வந்த வருடத்தை எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். பழைய வருடங்களில் புல்லும் பெரணியும் முளைத்துவிட்டன. புதிய வருடங்களில் ஒன்றும் இல்லை. இடப்பக்கம் கடல், வெள்ளையாக அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த இடத்தை அடையாளம் காண எனக்குச் சிரமம் இருக்கவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காட்டினேன். சாலை விளிம்பிலிருந்து ஆள் உயரப் பள்ளம். கீழே கூரான லாவா, நடுவில் மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு குழி. வேதா இறங்கினாள். நான் கை கொடுத்தேன், பிடிக்கவில்லை. அவன் கிடந்த இடத்தில், தண்ணீருக்குப் பக்கத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து பூவோ விபூதியோ எதுவும் எடுத்து வரவில்லை. ஒரு முறை மட்டும் அண்ணாந்து சாலையைப் பார்த்தாள். அங்கிருந்து சாலை தெரியாது. வண்டிகளின் சத்தம் மட்டும் கேட்கும்.

"ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நீங்கதான் வர்றீங்கன்னு நெனச்சிருப்பாரு" என்றாள்.

மேலே ஏறி வந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, போகலாம் என்றாள்.

லாவாக் காட்டைத் தாண்டியதும் மேடு. அவள் முன்னால், நான் பின்னால். மேட்டுக்கு மேலே ல திராம்ப்ளே கிராமம். நாலு வீடு, தாழம்புதர், சாலையோரம் ஒரு சின்னக் கடை. வெளியில் இரண்டு மேஜை. வேதாவுக்குப் பசி. நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்றேன். இங்கேயே சாப்பிடலாம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொன்னாள். பரவாயில்லை என்றேன்.

அப்போது அவள் போன் அடித்தது. கோதை, வீடியோவில். ட்யூஷனிலிருந்து வந்துவிட்டாளாம். மகளின் முகம் கொஞ்சம்கூடத் தடங்கலில்லாமல் தெளிவாகத் தெரிந்தது, சட்டைக் காலரில் இருந்த மைக்கறை வரை. நான்கைந்து நிமிடம் பேசினார்கள். அப்பா இருந்த இடத்தைப் பார்த்துவிட்டேன், கடல் பக்கத்திலேயே இருக்கிறது என்று வேதா சொன்னாள். வைத்துவிட்டு, போனின் மூலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இங்க சிக்னல் நல்லாத்தானே இருக்குண்ணா."

புது டவர் வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நம்பியிருப்பாள். நான் சொல்வதையெல்லாம் நம்பித்தானே ஒன்றரை வருடமாக அந்த ஒரு அழைப்பைச் சுமந்துகொண்டிருக்கிறாள்.

"அப்பவும் இருந்துது" என்றேன்.

அவள் போனை மேஜை மேல் வைத்தாள்.

"எனக்குப் பண்ணான். பத்து அம்பத்திரண்டுக்கு ஒரு தடவை. அம்பத்தஞ்சுக்கு. பதினொண்ணு ஒண்ணுக்கு. மூணு தடவை. இங்கதான் உக்காந்திருந்தேன். இந்தக் கடையில. போன் மேஜ மேல இருந்துது. அவன் பேரப் பாத்தேன். பாத்துட்டு எடுக்கல. மூணாவது தடவை கட் பண்ணேன்."

"ஏன்?"

அதையும் சொன்னேன். அன்று காலை சேன்த் ரோஸில் காப்பி குடிக்கும்போது எலேனைப் பற்றிப் பேச்சு வந்தது. பக்தா விளையாட்டாகத்தான் சொன்னான், சிரித்துக்கொண்டுதான் சொன்னான்: "நீ எவனுக்காகவும் நிக்க மாட்டடா சவரி. அதான் அவ எறங்கிப் போயிட்டா." எனக்குப் பொறுக்கவில்லை. வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு ஓட்டினேன். அவன் படம் எடுக்க நின்றபோது, எடுத்துக்கொண்டே இரு என்று கத்திவிட்டு மிதித்தேன். போன் வந்தபோது சமாதானம் பேசக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

வேதா என்னிடம் மீண்டும் நேரத்தைக் கேட்டாள். மூன்றையும் சொன்னேன்.

"அப்போ எனக்கு நாலாவதா பண்ணியிருக்காரு" என்றாள். "உங்களுக்கு மூணு தடவை பண்ணிப் பாத்துட்டு, அதுக்கப்புறம்."

"ஆமா."

"ரெண்டு தீபாவளி போச்சு" என்றாள். குரல் உயரவில்லை. "ரெண்டு தீபாவளியும் அத்தை எங்க வீட்டு வாசப்படி ஏறல. கோதை ஒரு நாள் என்னக் கேட்டா, ஏம்மா கட் பண்ணேன்னு. அன்னிக்கி ராத்திரி நான் மாடியில போய் நின்னேன், எதுக்குப் போனேன்னு உங்களுக்குத் தெரியுமா? மறுநாள் ஞாயித்துக்கிழமை. நீங்க போன் பண்ணீங்க. மனசத் தேத்திக்கம்மான்னு சொன்னீங்க."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கடைக்காரன் வந்து இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். வேதா அவனுக்குக் கையைக் காட்டி வேண்டாம் என்றாள்.

கிராமத்தில் இரண்டு அறை கிடைத்தது. அவள் கதவு மாலை நான்கு மணியிலிருந்து சாத்தியிருக்கிறது.


மே 9, வெள்ளி
சேன் பியேர். 38 கி.மீ.

காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினாள். உடைகூட மாற்றாமல் நேற்றைய சைக்கிள் உடையிலேயே இருந்தாள்.

"அத்தைக்குப் போன் போடுங்க. நீங்களே சொல்லணும்."

இந்தியாவில் எட்டரை. அம்மா உடனே எடுத்தார். வெள்ளிக்கிழமையில் என் குரல் கேட்டதில் சந்தோஷம். "என்ன சவரி, இன்னிக்கே?" என்றார்.

"அம்மா, பக்தா அன்னிக்கி எனக்குப் போன் பண்ணாம்மா. வேதாவுக்குப் பண்றதுக்கு முன்னாடியே. மூணு தடவை. நான் எடுக்கல."

"லைன் கிடைக்கலன்னு சொன்னியே."

"கிடைச்சுதும்மா. நான்தான் எடுக்கல. கோவத்துல."

அம்மா போனை வைக்கவில்லை. பின்னால் ஏதோ வண்டிக்காரன் கீரை விற்றுக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் தெருக்கோடி வரை போய்ச் சத்தம் மங்கியது. அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவ பக்கத்துல இருக்காளா?" என்றார்.

"இருக்கா."

"அவகிட்ட குடு."

கொடுத்தேன். வேதா என் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். அங்கே ஒரு பலாமரம். அதன் அடியில் முதுகைக் காட்டி நின்று இருபது நிமிடம் பேசினாள். பேசினாள் என்பதைவிடக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு கட்டத்தில் மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு உரிமை இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் தனியாப் போறேன். நீங்க எங்கூட ஓட்ட வேணாம்" என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினேன். சேன் பிலிப் தாண்டி, தாழைத் தோப்பு முடிகிற இடத்தில் அவள் சாலையோரம் உட்கார்ந்திருந்தாள். பின்சக்கரம் பஞ்சர். டயரைக் கழற்ற நெம்பியோடு போராடிக்கொண்டிருந்தாள். கை முழுக்கக் கருப்பு. நான் இறங்கி அருகில் போனேன்.

"தொடாதீங்க."

தொடவில்லை. போகவும் இல்லை. சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். ட்யூபை ஒரு தடவை முறுக்கிப் போட்டு, மறுபடி கழற்றி, மறுபடி போட்டாள். தூறல் வந்து நின்றது. ஒரு பேருந்து எங்கள் இருவர் மீதும் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. அரை மணிக்கு மேல் ஆனது. காற்று அடித்து முடித்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறி மிதித்தாள். அதற்குப் பிறகு வீடு வரை அவளுடைய பின்விளக்கு என் கண்ணில் படும் தூரத்தில் ஓட்டினேன்.


மே 10, சனி

வாடகைச் சைக்கிளைத் திருப்பினேன். பொருட்களைக் கழுவி வெயிலில் வைத்தேன். வேதா துறைமுகப் பக்கம் ஓர் அறை எடுத்துப் போய்விட்டாள்.


மே 11, ஞாயிறு

விமான நிலையத்துக்கு மட்டும் கூட்டிப்போகச் சம்மதித்தாள். பேருந்து அந்த நேரத்துக்கு இல்லை.

ஒன்றேகால் மணி நேரப் பயணம். பாதி வழியில், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அத்தை நேத்து சாயங்காலம் பெட்டியோட நம்ம வீட்டுக்கு வந்துட்டாங்களாம். கோதை சொன்னா. இவ ட்யூஷன் போயிருந்ததால பூட்டியிருந்துச்சாம். பக்கத்து வீட்ல சாவி வாங்கி, உள்ள போயி, பாத்திரமெல்லாம் எடுத்துக் கழுவிக்கிட்டு இருக்காங்களாம்."

"நல்லதும்மா" என்றேன்.

"உங்களுக்காகச் சொல்லல. சொல்லணும்னு தோணிச்சு."

பெட்டியை எடைபோட்டு அனுப்பியாகிவிட்டது. உள்ளே போக வேண்டிய வரிசையில் நின்றாள். நான் இத்தனை தூரமும் வாயில் வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் சொல்லிலேயே நிறுத்திவிட்டாள்.

"அதக் கேக்காதீங்க அண்ணா. கேட்டா நான் இல்லன்னுதான் சொல்ல வேண்டியிருக்கும். நீங்க எடுக்காதது கூட எனக்குப் புரியுது. நானும் எடுக்கலதானே. மனுஷன் கோவத்துல, வேலையில, எடுக்காமப் போறதுதான். ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எங்களுக்குப் போன் பண்ணீங்களே. அதத்தான் என்னால தாங்கிக்க முடியல."

வரிசை நகர்ந்தது.

"திதிக்கு வராதீங்க" என்றாள். "அத்தையும் அதான் சொன்னாங்க."

ஹெல்மெட் அவள் கையில் இருந்தது. உள்ளே போகும் முன் அதைத் தலையில் மாட்டிக்கொண்டாள். போலீஸ்காரன் கழற்றச் சொன்னான். கழற்றிக்கொண்டு போனாள்.

பத்து மணி வந்தது, போயிற்று. யாரையும் கூப்பிடவில்லை.


மே 14, புதன்

ழாந்தார்ம் போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். அன்றைய வாக்குமூலத்தில் நான் சொன்னது பொய், திருத்த வேண்டும் என்றேன். இளம்வயது அதிகாரி கோப்பைத் தேடிப் பார்த்தான். விபத்து என்று முடித்துவிட்டார்கள், வண்டி எதுவும் மோதவில்லை, போனை எடுக்காதது குற்றமில்லை, திருத்த ஒன்றும் இல்லை என்றான். நான் நகராமல் நிற்கவே ஒரு தாளைக் கொடுத்து எழுதித் தரச் சொன்னான். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவன் அதை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் மேஜை மீதே வைத்தான்.


மே 25, ஞாயிறு

இரண்டு வாரமாகச் சைக்கிள் எடுக்கவில்லை. மழையும் இல்லை, காற்றும் இல்லை, காரணமும் இல்லை.

மதியம் கோதையிடமிருந்து மெசேஜ். பக்தா போனதிலிருந்து அவள் எனக்குத் தனியாக எழுதியதே இல்லை.

"மாமா, அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. திட்டறதுக்கு எழுதல. ஒண்ணு மட்டும் கேக்கணும். நீங்க எடுத்திருந்தா அப்பா என்ன சொல்லியிருப்பாரு?"

போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். எழுதி எழுதி அழித்தேன். வலித்திருக்கும், பயந்திருப்பான், உன் பெயரைச் சொல்லியிருப்பான் என்றெல்லாம் எழுதினேன். ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க நான் செய்கிற இனிப்பு மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன்.

கடைசியில் அனுப்பியது: "கீழ விழுந்துட்டேன், வாடான்னு சொல்லியிருப்பான். நான் போயிருப்பேன்."

பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை. வர வேண்டும் என்றும் இல்லை.

போயிருப்பேன் என்று எழுதினேனே, அது உண்மையா என்று பிறகு யோசித்தேன். உண்மைதான். கோபமாக இருந்தாலும் போயிருப்பேன். கடையிலிருந்து அந்த இடம் நாலரை கிலோமீட்டர். போகும்போது முழுக்க இறக்கம். மிதிக்கக்கூட வேண்டாம்.